குறட்டை விடாத குட்டி

தன் தங்கை பெவ் எதையும் பாடுபட்டு அடைந்ததில்லை என்பதுதான் மார்லீன் டாங்க்ஸின் தீராத வயிற்றெரிச்சல். பாடுபட்டு ஜெயித்தவளையாவது மன்னித்துத் தொலைக்கலாம். சும்மா இருந்தே ஜெயிப்பவளை என்ன செய்வது?

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மரியாளின் வசனம் முழுவதையும் உருப்போட்டு வைத்திருந்தவள் மார்லீன். வேஷம் கிடைத்தது ஒத்திகைக்கே ஒழுங்காக வராத பெவ்வுக்கு. மார்லீனுக்கு ஆட்டுத்தோலைப் போர்த்தி மேடை ஓரத்தில் நிற்க வைத்தார்கள். அறுபதைத் தாண்டிய பிறகும் டிசம்பர் பிறந்தால் அந்தத் தோல் அவளுக்கு முதுகில் அரித்தது.

நாய் விஷயத்தில் மட்டும் பெவ் குறுக்கே வரமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தாள். பெவ்வுக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. நாயென்றால் நாலு கால், ஒரு வால் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. மார்லீன் அப்படியா? இங்கிலாந்தில் அவர்கள் ஊரான டிப்டனில் புல்டாக் என்று சொன்னால் அடுத்த பேச்சு 'ரோஸ்கோட்' என்றுதான் வரும். அது மார்லீன் தன் நாய்ப் பரம்பரைக்கு வைத்த பெயர். அவள் வளர்த்த ஒவ்வொரு நாயின் பெயருக்கு முன்னாலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டு முன்னறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள், ரிப்பன்கள். நடுவில் அவளுடைய செல்ல நாய் டச்சஸின் படம். பாறையில் அறைந்தது போல் தட்டை முகம், மூக்கின் மேல் கயிறு கயிறாக மடிப்பு. டச்சஸ் போகாத கண்காட்சி இல்லை, வாங்காத பரிசு இல்லை.

போன கோடையில் கண்காட்சி முடிந்து திரும்புகையில் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றபோது, பின் இருக்கையில் மூச்சுக்குத் தவித்துத் தவித்து டச்சஸ் செத்துப்போனது. "இதயம்" என்று மார்லீன் எல்லோரிடமும் சொன்னாள். தொண்டை என்று அவள் புருஷன் டெரெக்குக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்து பழக்கமும் இல்லை.

மிஞ்சியது மேபெல். டச்சஸின் மகள், அம்மாவை உரித்து வைத்தது போல் இருப்பாள். ரோஸ்கோட் பரம்பரை இனி நிற்பதும் விழுவதும் மேபெல் ஈனப்போகும் குட்டிகளில்தான் இருந்தது. ஸ்டாஃபோர்டில் புல்டாக் வளர்க்கிற கெண்ட்ரிக் தன் ஆண் நாயைத் தருவதாகவும் சொல்லியாயிற்று. ஆனால் வட்டார புல்டாக் சங்கத்தில் புதிதாக ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். ஜோடி சேர்க்கும் முன்னால் நாய்க்கு மூச்சுப் பரிசோதனை செய்து காட்ட வேண்டும். சுழியம் வந்தால் சுத்தமான மூச்சு. ஒன்று, இரண்டு வரை பார்த்துப் பார்த்துச் செய்யலாம். மூன்று வந்தால் குட்டி போடவே விடக்கூடாது.

"நாய்க்குப் பரீட்சையாம் பரீட்சை! நூறு வருஷமா புல்டாக் குறட்டை விட்டுக்கிட்டுத்தான் இருக்கு. இப்பத்தான் இவங்க காதுல விழுந்துச்சாக்கும்," என்று மார்லீன் பொருமினாள். பொருமிக்கொண்டே பரிசோதனை நாளன்று மின்விசிறி, ஈரத்துண்டு, பனிக்கட்டிப் பை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினாள். நாயைக் குளிரவைத்து உள்ளே கொண்டுபோனால் சத்தம் கொஞ்சம் அடங்கும். அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்.

சமுதாயக் கூடத்தின் வாசலில் மேபெலுக்குத் துண்டு போர்த்திக்கொண்டிருந்தபோது கால்வாய்க் கரைப் பக்கமிருந்து ஒரு நாய் தாவித் தாவி வந்தது. வயிறெல்லாம் சேறு. பின்னால் மழைக்கோட்டில், பன்றித்தோல் வறுவலைக் கொறித்துக்கொண்டே பெவ்.

"என்ன நம்ம மார்லீன், மேபெலுக்குக் காய்ச்சலா? ஈரத்துணியெல்லாம் போத்தி வெச்சிருக்க?" கூடப்பிறந்தவர்களை 'நம்ம' போட்டுக் கூப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம்.

"அது முறை. உனக்கெங்க தெரியப்போவுது. நீ எதுக்கு வந்த?"

"பார்க்குல ஒருத்தர் விடாம சொல்லிக்கிட்டே இருந்தாரு. உன் நாயி ஓடுற ஓட்டத்துக்கு அதக் கொண்டுபோய்க் காட்டுன்னு. சரி, சனிக்கிழமை வேற சோலியும் இல்ல, நடந்தே வந்துட்டோம். இந்தா, தின்னுறியா?"

"நடந்தா? உன் வீட்டுலேர்ந்தா?"

"பின்ன, பிக்கிள் என்ன கார் ஓட்டவா போறான்?"

பிக்கிள் மார்லீனின் காலை மோந்துவிட்டு வாலை ஆட்டியது. மார்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது. பிக்கிள் அவள் வீட்டில் பிறந்தவன். மேபெலோடு ஒரே வயிற்றில் வந்தவன்.

புல்டாக் குட்டி என்றால் தானாக வெளியே வராது, அம்மாவின் வயிற்றை அறுத்துத்தான் எடுப்பார்கள். எடுத்த பிறகு அம்மா புரண்டு நசுக்கிவிடாமல் பெட்டி பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்லீனும் டெரெக்கும் அப்படிப் படுத்துப் படுத்து, நாயின் குறட்டை காதில் விழுந்தால்தான் தூக்கம் வரும் என்கிற நிலைக்கு வந்துவிட்டவர்கள். குறட்டை கேட்டால் உயிர் இருக்கிறது. கேட்காவிட்டால் எழுந்து பார்க்க வேண்டும். டச்சஸின் அந்த ஈற்றில் கண் திறந்து நடக்க ஆரம்பித்த குட்டிகள் ஒவ்வொன்றாகக் கொர்ர் கொர்ர் என்று இழுக்கத் தொடங்கின. ஒரே ஒரு குட்டி மட்டும் சத்தமே இல்லாமல் தூங்கியது. செத்துவிட்டதோ என்று மார்லீன் பதறி அதன் உள்ளங்காலில் விரலால் சுண்டுவாள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும், மறுபடி தூங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு சுண்டு. இப்படி அந்தக் குட்டியை அவள் ஒருநாளும் முழுதாகத் தூங்கவிட்டதில்லை.

'ஏதோ குறை இருக்கிறது இதற்கு' என்று முடிவு கட்டினாள். போதாததற்கு மூக்கு வேறு ஒரு விரல் அகலத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மூக்குத் துவாரங்கள் இரண்டும் ஆவென்று திறந்து கிடந்தன. மடிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ரோஸ்கோட் வீட்டில் இப்படி ஒரு மூஞ்சியா? பெவ்வின் பிறந்தநாளுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "ரொம்ப நாள் தாங்காது, சொல்லிட்டேன். இருக்கிறவரைக்கும் வெச்சிக்க," என்றாள். பதிவு செய்யும்போது, இந்த நாயின் குட்டிகளைப் பதிவேட்டில் ஏற்கக் கூடாது என்று தடையும் போட்டாள். பிறந்த வீட்டுக்காரர் போடுகிற தடையைப் பிறந்த வீட்டுக்காரர்தான் நீக்க முடியும். அந்த மூஞ்சி ஊருக்குள் பெருகி தன் மானத்தை வாங்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

கூடத்துக்குள் முதலில் மேபெலைக் கூப்பிட்டார்கள். மருத்துவர் சின்னப் பெண். மேபெலின் தொண்டை மேல் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டார். "மூணு நிமிஷம் விறுவிறுன்னு நடக்க விடுங்க," என்றார். மார்லீன் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடத்தின் பாதியைத் தாண்டியதுமே மேபெலின் இழுப்பு கடைசி நாற்காலி வரை கேட்டது. நாக்கு வெளியே தொங்கியது, நிறம் மங்கியது.

"போதும், நிறுத்துங்க," என்று மருத்துவர் எழுந்து வந்தார்.

"இன்னும் நேரம் ஆகலியே."

"வேண்டாம்மா. பாவம்."

"வீட்டுல நல்லாத்தான் இருப்பா. இன்னிக்கு வெயில் ஒத்துக்கல."

டெரெக் ஜன்னலைப் பார்த்தான். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

மேபெலுக்கு மூன்று கொடுத்தார்கள். தொண்டைக்கு அறுவை செய்தால் அவளுக்கு நிம்மதி, குட்டி மட்டும் வேண்டாம் என்று மருத்துவர் தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் மார்லீனுக்குப் பொறுக்கவில்லை. மேபெலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அடுத்தது பிக்கிள். மருத்துவர் குழாயை வைத்தார். எடுத்தார். குழாயில் கோளாறோ என்று விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். பெவ் பிக்கிளோடு ஓடினாள். நிமிஷம் முடிந்ததுகூடத் தெரியாமல் இன்னொரு சுற்றும் ஓடினாள். மூச்சு வாங்கியது பெவ்வுக்குத்தான். மருத்துவர் மறுபடி குழாயை வைத்துக் கேட்டார், சிரித்துவிட்டார்.

"சுழியம். புல்டாக்குல இப்படி ஒரு மூச்ச நான் கேட்டதே இல்ல."

"சுழியமா?" பெவ்வின் முகம் சுருங்கியது. "பாவம், அவ்வளவு மோசமாவா பண்ணிட்டான்?"

கூடமே சிரித்தது. பெவ்வுக்கு எதுவும் தெரியாததுகூட எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. யாரோ அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரோ பிக்கிளின் மூக்கை மண்டியிட்டுப் பார்த்தார்கள். மார்லீன் எண்ணெயில் போட்ட அப்பளமாய் உள்ளுக்குள் பொரிந்தாள். அதிலும் ஸ்டாஃபோர்ட் கெண்ட்ரிக், மேபெலுக்குத் தன் நாயைத் தருவதாகச் சொன்ன அதே கெண்ட்ரிக், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெவ் முன்னால் நின்றான். என்ன கேட்கிறான் என்று மார்லீன் காதால் கேட்கத் தேவையே இல்லை. தன் பெண் நாய்க்குப் பிக்கிளைக் கேட்கிறான். பெவ்விடம்! நாய்க்கு நாலு கால் என்பதற்கு மேல் தெரியாதவளிடம்!

மரியாள் வேஷம் மறுபடியும் பெவ்வுக்கே. ஆட்டுத்தோல் மார்லீனுக்கு.

திங்கட்கிழமை பெவ் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே சொன்னாள்: "கெண்ட்ரிக் என்னமோ தடைன்னு சொன்னாரு. பிக்கிளோட குட்டிங்களப் பதிவு பண்ண முடியாதாம். நீ நெனச்சாத்தான் எடுக்க முடியுமாமே?"

"ஆமா. எடுக்க மாட்டேன்."

"சரி," என்றாள் பெவ்.

இதைத்தான் மார்லீன் எதிர்பார்க்கவில்லை. வார இறுதி முழுவதும் அவள் இந்தப் பேச்சுக்குத் தயார் செய்து வைத்திருந்தாள். பெவ் கெஞ்சுவாள், தான் மறுப்பாள், பெவ் அழுவாள், தான் கொஞ்சம் இறங்குவதுபோல் இறங்கி மறுபடி மறுப்பாள். சரியாமே, சரி!

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"நீ சொன்னா காரணம் இருக்கும். நாயப் பத்தி உனக்குத்தானே தெரியும்."

"மூஞ்சியப் பாத்தியா அதுக்கு? மூக்கா அது, கதவுல தொங்குற கைப்பிடி மாதிரி. அதெல்லாம் வீட்டு நாய். வீட்டு நாய்க்கு எதுக்குடி கல்யாணம் காட்சியெல்லாம்? ஆபரேஷன் பண்ணி விட்டுத் தொலை. அப்பத்தான் கெண்ட்ரிக் மாதிரி ஆளுங்க உன் வாசல்ல வந்து பல்லிளிச்சிக்கிட்டு நிக்க மாட்டாங்க."

"பண்ணிடலாங்கிறியா?"

"பண்ணிடு."

"அதுவும் சரிதான். பக்கத்து வீட்டுப் பொட்ட நாயப் பாத்துட்டு வேலியப் பிராண்டுறான்." பெவ் பிஸ்கட்டின் கடைசித் துண்டைக் கீழே படுத்திருந்த மேபெலுக்குப் போட்டாள். "பாவம், இவளுக்குத் தின்னக்கூட மூச்சு முட்டுதே. சீக்கிரம் டாக்டர்கிட்டக் காட்டு, நம்ம மார்லீன்."

பெவ் போன பிறகு மார்லீன் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினாள். இந்த ஒரு தடவையாவது கதவின் தாழ்ப்பாள் தன் கையில் இருந்தது, தான் திறக்கவில்லை. அந்த ருசி இரண்டு நாள் நாக்கில் இருந்தது. மூன்றாம் நாள் கசந்தது. கெண்ட்ரிக் சங்கத்தில் எல்லோரிடமும் "தங்கச்சி மேல இருக்குற காய்ச்சல்ல ஒரு நல்ல நாய அடச்சி வெச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டு திரிவதாகக் காதில் விழுந்தது. மார்லீனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அது பொய்யாக இருந்தால் இறங்கியிருக்கும்.

சனிக்கிழமை டெரெக் சாம்பல் பட்டாணியும் பன்றிக்கறியும் வேகவைத்துத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தான். மேபெல் அடுப்பருகே படுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளை அறுவைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கவா?" என்றான் டெரெக்.

"கேளு."

"பிக்கிளோட பதிவுப் பேரு என்ன?"

"ரோஸ்கோட் ரெம்னன்ட்." துணிக்கடையில் யாரும் வாங்காமல் மீந்து கிடக்கிற துண்டுத் துணிக்கு அந்த ஊரில் சொல்கிற பெயர். மார்லீன் எரிச்சலில் வைத்தது.

"அப்ப அவன் குட்டிங்களுக்கு, அதுங்க குட்டிங்களுக்கு எல்லாம் அப்பன், பாட்டன் பேரு எழுதுறப்ப என்னன்னு எழுதுவாங்க? பெவ் ரெம்னன்ட்னா?"

மார்லீனின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"டச்சஸ் ரத்தம் வேற எங்க இருக்கு?" என்றான் டெரெக். "மேபெலுக்கு முடியாது. மத்த குட்டிங்க எல்லாத்தையும் வீட்டு நாயா வித்து ஆபரேஷனும் ஆகிப்போச்சு. அவன் ஒருத்தன்தான்."

அவள் கையால் எழுதிய பெயர். இத்தனை நாளும் பெவ்வின் கையில் டீக் கோப்பையும் கெண்ட்ரிக் கையில் தொப்பியும்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. ஸ்டாஃபோர்டிலும் அதற்கப்பாலும் நன்றாக மூச்சுவிட்டு ஓடப்போகிற அத்தனை நாய்களின் தலைமேலும் ரோஸ்கோட் என்று இருக்கும். பெவ்வின் பெயர் எங்கேயும் வராது. எங்கேயும்!

"கட்டையில போறவனே, இத ஏன் திங்கக்கிழமையே சொல்லல?"

"நீ பேச விட்டாத்தானே."

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினாள். வண்டியில் போகும்போதே பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். 'உனக்காகத்தான் பெவ், மனசு கேக்கல.' இல்லை, அது ரொம்பக் குழைவு. 'யோசிச்சுப் பாத்தேன், போனாப் போவுதுன்னு எடுத்துடறேன்.' ஆமாம், அதுதான் சரி. பெவ் கட்டிக்கொள்வாள். தான் கொஞ்சம் விறைப்பாக நிற்க வேண்டும். பெருந்தன்மை காட்டப்போகிற மகிழ்ச்சியில் இரண்டு முறை தப்பான தெருவில் திரும்பினாள்.

பெவ்வின் வீட்டுக் கதவைத் தட்டினால் பிக்கிள்தான் முதலில் வந்து முட்டுவான். இன்று வரவில்லை.

"வா வா," என்று பெவ் கதவைத் திறந்தாள். "மெதுவா வா, தூங்குறான்."

சமையலறையில் பழைய போர்வை மேல் பிக்கிள் படுத்திருந்தான். கழுத்தைச் சுற்றி, தையலை நக்காமல் இருக்கப் போடுகிற பிளாஸ்டிக் கூம்பு.

மார்லீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பண்ணியாச்சு," என்றாள் பெவ். "நீ சொன்னதும் அன்னிக்கே போன் போட்டேன். யாரோ வரலன்னு எடம் காலியா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. புல்டாக்குன்னா மயக்கம் குடுக்கவே அவங்களுக்குப் பயமாம், தொண்டையில போட்ட குழாய எடுக்கிறதுக்குள்ள உசுரு போய் உசுரு வருமாம். இவன் குழாய எடுத்ததும் எழுந்து பிஸ்கட் கேட்டானாம்!"

மார்லீன் அந்தக் கூம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் ஒரு மாதிரி இருக்க? நீ எதுக்கு வந்த, ஏதாச்சும் சொல்லணுமா?"

சொல்லலாம்தான். 'தடையை எடுக்க வந்தேன்' என்று மூன்று வார்த்தை. சொன்னால் பெவ்வுக்கும் தெரிந்துவிடும், என்ன போயிற்று என்று. பத்து நிமிஷம் அழுவாள், பிறகு 'சரி' என்பாள். அந்தச் 'சரி'யை இன்னொரு முறை கேட்கிற தெம்பு மார்லீனுக்கு இல்லை.

"சும்மாதான். பாத்துட்டுப் போலாம்னு."

"அதான பாத்தேன், உனக்கு அவன்மேல பாசம்டி. வெளிய காட்ட மாட்ட. உக்காரு, டீ போடுறேன்."

பெவ் அடுப்புப் பக்கம் திரும்பி, ஏதோ ஒரு பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடினாள். மார்லீன் போர்வை ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள். முப்பது வருஷத்துப் பரம்பரை அவள் காலடியில் படுத்து முடிந்துபோயிருந்தது. முடித்தது அவள் வாய். அழுகை வரும் என்று பார்த்தாள், வந்தது பொறாமைதான். இவ்வளவு பெரிய நஷ்டம் நடந்திருக்கிறது, அதில் பாதி பெவ்வின் வீட்டிலேயே நடந்திருக்கிறது, அவள் மட்டும் தெரியாமலே பாடிக்கொண்டிருக்கிறாளே! இழப்பதிலும் பெவ்வுக்குத்தான் சுலபமான பங்கு.

பாட்டு நின்றது. கெட்டில் இன்னும் கொதிக்கவில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

மார்லீனின் கை தானாக நீண்டது. பிக்கிளின் உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். கூம்புக்குள் ஒரு கண் திறந்து, அவளைப் பார்த்து, மூடிக்கொண்டது.

"உசுரோடதான் இருக்கான், நம்ம மார்லீன்," என்றாள் பெவ் திரும்பாமலே. "அவன் தூங்கினா அப்படித்தான்."

"தெரியும்," என்றாள் மார்லீன்.